பார்வதி சொன்னது உண்மை

பாபு,

இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டில், ஹேமா பக்கத்து அறையில் இருக்கும்போது, உட்கார்ந்து படி. பாதியில் நிறுத்த வேண்டும் போலிருந்தால் நிறுத்திவிடு. மீதியை இன்னொரு நாள் படிக்கலாம், படிக்காமலும் விடலாம். உனக்கு வயது நாற்பத்தொன்று, எனக்கு எழுபத்திரண்டு. பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து ஐந்து முறை கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் நான்கில் என் பக்க நியாயம் நிறைய இருந்தது. ஐந்தாவதில் அழுகை நிறைய இருந்தது. இரண்டும் உனக்குப் பயன்படாது.

எழுதச் சொன்னது அம்பத்தூரில் நாம் போய்வருகிறோமே, அந்தக் கவுன்சலிங் பெண்தான். போன முறை நீ வண்டியை எடுக்கக் கீழே போனபோது என்னை ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தாள். "அம்மா, நீங்க பேசும்போது ஒவ்வொரு பேச்சுலயும் ஒரு 'ஆனா' வந்துடுது. 'ஆனா' இல்லாம அவருக்கு ஒரு லெட்டர் எழுதிப் பாருங்க. குடுக்கணும்னு கட்டாயம் இல்ல" என்றாள். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவள் நான். என் மாணவி வயதுகூட இல்லாத ஒரு பெண் எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாள் என்று எரிச்சலோடுதான் படியிறங்கினேன். அவளிடம் இன்னும் சில அம்மாக்கள் வருகிறார்களாம், என்னைப் போலவே வாயை இறுக மூடிக்கொண்டு உட்காருகிறவர்கள். எழுதி முடித்தால் அவர்களுக்கும் படிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டாள். மகனைக் கேட்காமல் முடியாது என்றேன். நீ சரி என்றால் பெயர்களை மாற்றிவிட்டுக் கொடு. வேண்டாம் என்றால் உன்னோடு இருக்கட்டும்.

தை மாதம் அவர் செத்துப்போன செய்தியை உனக்குச் சொன்னவள் நான்தான். காலையில் போன் செய்து, "குவார்ட்டர்ஸ் அங்கிள் தவறிவிட்டார். பூந்தமல்லியிலிருந்து வரும்போது நல்ல மாலையாக வாங்கிக்கொண்டு வா. சாயந்திரம் எடுத்துவிடுவார்கள்" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். வரவில்லை. எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? வந்தவர்களெல்லாம் பாபு எங்கே என்று கேட்டார்கள். அவனுக்கு ஆபீசில் ஆடிட் என்று நானே ஒரு பொய்யைச் சொன்னேன். நான்காம் நாள் ஹேமா போன் செய்து, நீ கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை, குளிக்கவில்லை, நிலாவைக்கூடப் பக்கத்தில் விடவில்லை என்றாள். டாக்டரிடம் காட்டு, வைட்டமின் குறைவாக இருக்கும் என்றேன். அதற்கு ஹேமா என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. "அத்தை, அவர் எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டார். உங்ககிட்ட அவரே சொல்லட்டும். சொல்லும்போது தயவுசெஞ்சு குறுக்கே பேசாதீங்க" என்றாள். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சலா என்று நினைத்தேன். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நம் வீடு இருந்த வரிசை உனக்கு நினைவிருக்கும். அப்பாவுக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். எனக்கு அம்பத்தூரில் பள்ளிக்கூடம். மணி அடித்து, நோட்டுகளைத் திருத்தி, ரயிலைப் பிடித்து வீடு வர ஐந்தே முக்கால் ஆகிவிடும். நீ நாலு மணிக்கே வந்துவிடுவாய். அங்கே எல்லோரும் சாவியை ஒரு வீட்டில் கொடுத்துவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். பிள்ளை வந்தால் அந்த வீட்டிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பெரியவர்கள் வரும்வரை அங்கேயே விளையாடும். நமக்குப் பக்கத்து வீடு பார்வதி வீடு. மூன்று பிள்ளைகள், எந்நேரமும் கூச்சல், வாசலில் காயும் துணி. நீ நான்காம் வகுப்பு போன புதிதில் அவளாகவே வந்து கேட்டாள். "இன்னா டீச்சர், சாவிய என்னாண்ட குடுத்துட்டுப் போ. என் புள்ளைங்களோட இதுவும் ஒண்ணா இருந்துட்டுப் போவுது. கஞ்சியோ கூழோ துண்ணும். நீ வர்ற வரிக்கும் நான் பாத்துக்கினு இருக்கேன்."

வேண்டாம் என்றேன். காரணம் கேட்டால் சிரிப்பாய். அவள் பிள்ளைகளோடு இரண்டு மாதம் இருந்தால் நீயும் 'இன்னா', 'கீது', 'வந்துகினு' என்று பேச ஆரம்பித்துவிடுவாய் என்று பயந்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். நிமிர்ந்து உட்கார், மெல்லப் பேசு, கேட்டதற்கு முழு வாக்கியத்தில் பதில் சொல் என்று வளர்ந்தவள். நீயும் அப்படி வளர வேண்டும் என்று நினைத்தேன். எதிர் வரிசையில் நீ அங்கிள் என்று கூப்பிட்ட அவர் இருந்தார். ஸ்டோர்ஸில் சூப்பர்வைசர், இஸ்திரி போட்ட சட்டை, என்னைப் பார்த்தால் "குட் ஈவினிங் மேடம்." இரண்டு மணிக்கே ஷிஃப்ட் முடிந்து வந்துவிடுவார். பிள்ளைகள் இல்லை. மனைவி மாதத்தில் பாதி நாள் ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவார். கணக்கும் சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். அந்த வரிசையிலேயே நாகரிகமான வீடு என்று நானே பொறுக்கியெடுத்து, நானே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன்னை அந்த வீட்டுக்கு அனுப்பியது விதியும் இல்லை, கஷ்டகாலமும் இல்லை. அது என் தேர்வு.

அவரை இன்னும் 'அவர்' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கை அப்படிப் பழகிவிட்டது. பொறுத்துக்கொள்.

அரைப் பரீட்சை லீவு முடிந்த பிறகு நீ மாறினாய். எப்போதும் சாப்பாட்டில் வம்பு செய்யாத பிள்ளை, தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். குளிக்கும்போது கதவைத் தாழ் போட ஆரம்பித்தாய். பெரிய மனிதர் ஆகிவிட்டாரோ என்று அப்பா கேலி செய்தார், நானும் சிரித்தேன். ஒரு நாள் காலை, நான் உன் தலையை வாரிக்கொண்டிருந்தபோது, "அங்கிள் வீடு வேணாம்மா" என்றாய். ஏன் என்றேன். "காரணத்தைச் சொல். முழு வாக்கியமாகச் சொல்" என்றேன். நீ வாயைத் திறந்தாய், மூடினாய். மறுபடி, "வேணாம்மா" என்றாய். ஒன்பது வயதுப் பிள்ளை அதற்கு எந்த வாக்கியத்தை எடுக்கும்? பெரியவர்களுக்கே அதற்கு வார்த்தை இல்லை. எனக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சோம்பேறித்தனம், கணக்குப் போடப் பிடிக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் நீ சாவியைச் சாக்கடைக் கால்வாயில் போட்டுவிட்டாய். தொலைந்துவிட்டது என்று நீ சொல்லவில்லை. போட்டேன் என்றே சொன்னாய். அவர் வீட்டில் சாவி இல்லாவிட்டால் அங்கே போக வேண்டியிருக்காது என்று உன் சின்னப் புத்திக்குத் தோன்றியிருக்கிறது. எவ்வளவு யோசித்திருப்பாய் அதற்கு! நான் என்ன செய்தேன்? பூட்டை மாற்றினேன். புதுச் சாவியை உன் கையிலேயே கொடுத்து, உன்னை இழுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். நீ கேட்டாய். "குழந்தைதானே மேடம், விடுங்க" என்று அவர் உன் தலையைத் தடவினார். எவ்வளவு பெருந்தன்மை என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

இதுவரை எழுதியதெல்லாம் உனக்கும் தெரியும். இரண்டாவது முறை கவுன்சலிங் அறையில் உட்கார்ந்தபோது நீயே இதைச் சொன்னாய். ஒருவர் பேசி முடித்தேன் என்று சொல்லும்வரை மற்றவர் பதில் பேசக் கூடாது என்பது அந்தப் பெண் வைத்த விதி. நான் அதை மூன்று தரம் மீறினேன். "உனக்கு நான் என்ன குறை வைத்தேன்" என்று ஒரு தரம். "வேலைக்குப் போகாமல் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளிப்பது" என்று ஒரு தரம். மூன்றாவது தரம், நீ வருடத்தைத் தப்பாகச் சொல்கிறாய், அது ஐந்தாம் வகுப்பு இல்லை, நான்காம் வகுப்பு என்று திருத்தினேன். திருத்தினேன் பாபு. நீ சொல்லிக்கொண்டிருந்த விஷயத்தில் எனக்குத் தட்டுப்பட்ட பிழை அதுதான். ஹேமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

சாவி விஷயம் நடந்து இருபது நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர் வரிசையில் பெரிய சத்தம். பார்வதி துடைப்பத்தோடு அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய நடுப்பையன் பந்து எடுக்க அந்த வீட்டுக்குள் போயிருக்கிறான். ஓடிவந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஏன், எதற்கு, காரணம் சொல் என்றெல்லாம் அவள் கேட்டிருக்க மாட்டாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "புள்ளைங்க மேல வைக்கிற கையாடா அது? வெளிய வாடா! இஸ்திரி சொக்கா போட்டுக்கினா பெரிய மனுசனாடா நீ?" அவரை இரண்டு அடி அடித்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். பிள்ளை படிக்கும் நேரத்தில் இதென்ன கேவலமான சண்டை என்று சாத்தினேன்.

சாத்திவிட்டுத் திரும்பினேன். நீ மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாய். பென்சில் நின்றிருந்தது. நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, யார் செய்தது, யார் செய்யவில்லை என்று கண்டுபிடித்தவள் நான். உன் முகம் எனக்குப் புரியாதா? அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டு, தாழ்ப்பாள், சாவி, எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. நான் உன்னிடம் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "எழுது, ஏன் நிறுத்தினாய்?" என்றேன். நீ எழுதினாய்.

அன்று சாயந்திரம் நம் வரிசைப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். பார்வதி சண்டைக்காரி என்று பெயரெடுத்தவள், குழாயடியில் அவளோடு மல்லுக்கு நிற்காதவர்களே இல்லை. அவள் பேச்சை நம்புவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "உங்க பையன் தினம் அங்கதான போறான் டீச்சர், நீங்க சொல்லுங்க, அவர் அந்த மாதிரி ஆளா?" என்று கேட்டார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்குத் தெரிந்தவரை அவர் மிகவும் மரியாதையானவர்" என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஒரு பேச்சோடு பார்வதி பொய்க்காரி ஆனாள். அவர் மறுநாள் வேலைக்குப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று முப்பது வருடத்துக்கு மேலாக எனக்கு நானே ஒவ்வொரு காரணமாகச் சொல்லி வந்திருக்கிறேன். உன் பெயர் வெளியே வந்துவிடும், பிள்ளைகள் உன்னைக் கேலி செய்வார்கள், அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எல்லாம் நல்ல காரணங்கள்தான். உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. பார்வதி வீட்டை வேண்டாம் என்று சொல்லி அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவள் நான் என்று வரிசைக்கே தெரியும். அவள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டால், படிக்காத அவளுக்குத் தெரிந்தது படித்த எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பதிலாக நீ தாங்கினாய்.

இரண்டு நாள் கழித்துப் பார்வதி என்னைக் குழாயடியில் மடக்கினாள். அன்று அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "டீச்சர், உன் புள்ளையும் அங்கதான் போவுது. அத்தக் கேட்டுப் பாரு. நான் சொன்னா எவளும் நம்பமாட்றா. நீ ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க." நான், "என் பிள்ளையை இதில் இழுக்காதே" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குடம் பாதிகூட நிறையவில்லை. அந்த வருடமே அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மண்ணூர்பேட்டைக்கு வாடகை வீட்டுக்குப் போனார்கள். அவள் வீட்டுக்காரர் அதன் பிறகு தினமும் சைக்கிளில்தான் ஃபாக்டரிக்கு வந்துபோனார்.

அந்த வாரத்திலிருந்து உன்னைப் பள்ளி முடிந்ததும் என்னோடு ஸ்டாஃப் ரூமில் உட்கார வைக்க ஏற்பாடு செய்தேன். ஜூன் மாதம் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்த்தேன். சாவியைச் சாக்கடையில் போட்டதற்குத் தண்டனையாகத்தான் உன்னை ஹாஸ்டலில் தள்ளினேன் என்று நீ இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாய். அந்த அறையில் நீ அதைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. தண்டனை இல்லை பாபு. உன்னை அவர் கண்ணில் படாமல் வைக்கத்தான் அனுப்பினேன். இதைச் சொல்வதால் என் குற்றம் குறைகிறது என்று நினைத்து எழுதவில்லை. கூடத்தான் செய்கிறது. தெரியாதவள் எதற்காக ஒரே பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்ப வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். உனக்கு மனசே இல்லையா என்று என்னைக் கேட்டார். படிப்புக்காக என்றேன். அப்பா கண் மூடும்வரை அதையே நம்பினார். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

உன் கல்யாணத்தைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகப் பார்த்தேன். முடியவில்லை. குவார்ட்டர்ஸ் அங்கிளுக்கு முதல் பத்திரிகைகளில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று பயம். பார்வதிக்குக் கொடுக்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து வந்தீர்கள். அவர் முன்னால் வந்ததும் நீ நின்றுவிட்டாய். ஹேமா குனிந்துவிட்டாள், நீ நிற்கிறாய். எல்லோரும் பார்க்கிறார்கள். நான் உன் முதுகில் கையை வைத்து, "விழு" என்றேன். முப்பது வயதுக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை நீ, என் கை பட்டதும் மடங்கி விழுந்தாய். அன்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அழுத்தினேன். உன் முதுகு என் கைக்குக் கீழே கல் மாதிரி இருந்தது. பத்து நிமிடம் கழித்து மண்டபத்துப் பின்பக்கம் நீ வாந்தி எடுத்தாய். காலையிலிருந்து சாப்பிடவில்லை, பித்தம் என்று வந்தவர்களிடம் சொன்னேன்.

இப்போது போன முறை நடந்ததற்கு வருகிறேன். அந்தப் பெண் உன்னிடம், அம்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். நீ, "அன்னைக்குத் தெருவுல சண்டை நடந்துதே, அப்பவாவது உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாய். நான், "எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா?" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது. நீ என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நீ தலையை ஆட்டினாய். "அதான். தெரிஞ்சிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. நான்தான் சரியாச் சொல்லல" என்றாய். டம்ளரில் இருந்த தண்ணீரை எனக்குக் குடிக்கக் கொடுத்தாய். கீழே வண்டியில் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டாய். அதன் பிறகு தினமும் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாய். இத்தனை வருடத்தில் நீ என்னோடு இவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. அந்தப் பிரியம் முழுக்க ஒரு பொய்க்குக் கிடைத்த பிரியம். அதை வாங்கி வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை கோவில்பதாகை வீட்டிலிருந்து ஒரு ஆட்டோ வைத்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குப் போனேன். பழைய குவார்ட்டர்ஸ்காரர் ஒருவரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பார்வதிக்கு முட்டி போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வா டீச்சர். வழி தப்பி வந்துகீறியா?" என்றாள். உட்காரச் சொன்னாள். மருமகளை டீ போடச் சொன்னாள். அவர் செத்துப்போனது அவளுக்கும் தெரிந்திருந்தது. "நீ போயிருப்ப, மாலையோட" என்றாள். போனேன் என்றேன். அந்த நடுப்பையன் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன், இரண்டு பெண் குழந்தைகள். அதெல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "கீது. ஆனா 'எங்கம்மா போயி துடப்பத்தால வெளுத்தா'ன்னுதான் அவன் சொல்றது. சிரிச்சிக்கினே சொல்லுவான்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. பார்வதி சமாதானப்படுத்தவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீ சொன்னது உண்மை, அன்றே எனக்குத் தெரியும், தெரிந்தும் உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன் என்றேன். அவள் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள். "எனுக்குத் தெரியும் டீச்சர், உனுக்குத் தெரியும்னு. அந்த வருசமே புள்ளய அந்தண்ட கொண்டும்போயி உட்டியே. தெரியாதவளா அப்டிப் பண்ணுவா? என் ஊட்டுக்காரர்தான் பாவம், நாலு பேர் சிரிச்சாங்கன்னு ரெண்டு வருசம் யாராண்டயும் பேசல." டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் நல்லாத்தான் கீறேன். போயி உன் புள்ளயாண்ட சொல்லு. அது இன்னும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு இருக்கும்" என்றாள். நீ அந்த அறையில் சொன்னது அவளுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளைகளைத் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நிலாவுக்காக ஒன்று எழுதுகிறேன். பார்த்தாயா, 'ஆனாலும்' வந்துவிட்டது. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன். அவள் ஒரு வீட்டுக்கு, ஒரு டியூஷனுக்கு, ஒரு மனிதரிடம், அது நானாக இருந்தாலும், போக மாட்டேன் என்று சொன்னால் காரணம் கேட்காதே. முதலில் சரி என்று சொல். மரியாதைக்காக யாரையும் கட்டிக்கொள்ளச் சொல்லாதே, யார் காலிலும் விழச் சொல்லாதே. காரணம் இருந்தால் அது பிறகு அவளுக்குத் தெரிந்த மாதிரி வரும், அரைகுறையாக, கோணல்மாணலாக. அப்படியே வாங்கிக்கொள். உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. நீ அவளை வளர்ப்பதைப் பார்த்துத்தான் நான் இதைத் தெரிந்துகொண்டேன். கட்டிலை விட்டு எழ முடியாத நாட்களில்கூட, பள்ளி வேன் வரும் நேரத்துக்கு எழுந்துபோய் வாசலில் நின்றாயாம். ஹேமா சொன்னாள். அவளையும் விட்டுவிடாதே. நீ சொன்னதும் அவள் முதலில் சொன்னது "நம்புறேன்" என்பதாம். அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய சொல். முப்பது வருடத்துக்கு மேல் தாமதமாக, வேறொரு வீட்டுப் பெண் சொல்லி நீ அதைக் கேட்டிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை கவுன்சலிங்குக்கு முன்னாலேயே உன் கைக்கு வரும்படி ஹேமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்த அறையில் திடீரென்று படித்துக் காட்டினால், என் எதிரில் உன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நீ கஷ்டப்படுவாய். சின்ன வயதிலிருந்து அதைத்தான் செய்திருக்கிறாய். இதைப் படித்த பிறகு நீ எனக்குப் போன் செய்யாவிட்டால் ஏன் என்று யாரையும் விட்டுக் கேட்க மாட்டேன். நிலாவை அனுப்பாவிட்டாலும் கேட்க மாட்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால் உனக்கு ஆடிட் என்று சொல்ல மாட்டேன். தப்பு என் பேரில் என்று மட்டும் சொல்வேன். மீதி உன் விஷயம், நீ யாரிடம் சொல்ல நினைக்கிறாயோ அவர்களிடம் சொல். மன்னித்துவிடு என்று இதில் எங்கேயாவது எழுதிவிட்டேனா என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுதவில்லை. அதைக் கேட்பதுகூட உன் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதுதான்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ சரியாகத்தான் சொன்னாய், பாபு. தலை வாரும்போது சொன்னாய், சாவியைப் போட்டுச் சொன்னாய், பென்சிலை நிறுத்திச் சொன்னாய். எனக்குப் புரிந்தது.

அம்மா